பார்க்க எம்.ஜி., ஓட்ட மாருதி

கார் ஓட்டுற கேம்ல ரெண்டு வகை உண்டு மக்களே. ஒண்ணு, வளைவு வந்தாலும் ஆக்ஸிலேட்டரை விடவே வேண்டாம். ஒரு பட்டனை அமுக்கினா பின்பக்கம் அழகா சறுக்கி, புகை கிளப்பி, வண்டி தானாகவே நிமிர்ந்துக்கும். இன்னொண்ணு, முதல் வளைவிலேயே மரத்துல கொண்டுபோய் ஒட்டிட்டு "தம்பி, நீ வேற வேலை பாரு"ன்னு சொல்லாம சொல்லும். இந்தப் பதிவு ரெண்டாவது வகையைப் பத்தி. அதை இன்னும் கொஞ்சம் நிஜமாக்க நான் மூணு மாசம் மெனக்கெட்ட கதை. கேம்னாலே அலர்ஜிங்கிறவங்க ஓடிடாதீங்க, உள்ள அரிசி மூட்டை, எடை மேடை, கொல்லிமலை எல்லாம் வருது :-)

கேம் பேரு ரிச்சர்ட் பர்ன்ஸ் ரேலி. 2004ல வந்தது. இருபது வருசம் தாண்டிடுச்சு. செஞ்ச வார்ட்ஹாக் கம்பெனி இப்போ கிடையாது, ரெண்டாம் பாகமும் வரவே இல்லை. ஆனாலும் உலகம் முழுக்க ஒரு கூட்டம் இன்னும் இதைத்தான் ஓட்டிக்கிட்டிருக்கு. காரணம், உள்ளே இருக்கிற இயற்பியல். அதை எழுதினவர் ஈரோ பீட்டுலைனென். டயர், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டிஃபரன்ஷியல் எல்லாத்தையும் தனித்தனியா கணக்குப் போட்டு, அதுல இருந்து வண்டி எப்படிப் போகும்னு வரவழைச்சார். மத்த பல கேம்கள்ல வண்டி எப்படிப் போகணும்னு முதல்ல முடிவு பண்ணிட்டு, அதுக்கு ஏத்த மாதிரி பின்னாடி கணக்கை வளைப்பாங்க. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனா அதுதான் எல்லாமே.

ரிச்சர்ட் பர்ன்ஸ் யாருன்னும் சொல்லிடறேன். 2001ல் உலக ரேலி சாம்பியன் ஆன இங்கிலாந்துக்காரர், சுபாரு ஓட்டினார். ரேலின்னா வட்டமா சுத்துற பந்தயம் இல்லை. காட்டுப்பாதை, மலைப்பாதைன்னு ஒவ்வொரு வண்டியா தனியா கிளம்பும், நேரத்தைக் கணக்கெடுப்பாங்க. பக்கத்துல ஒருத்தர் உக்காந்து, அடுத்த வளைவு எப்படின்னு குறிப்பு வாசிச்சுக்கிட்டே வருவார். பர்ன்ஸுக்கு வாசிச்சவர் ராபர்ட் ரீட், கேம்லயும் அவர் குரல்தான். சாம்பியன் ஆன அந்த வருசம் முழுக்க பர்ன்ஸ் ஜெயிச்சது ஒரே ஒரு ரேலி, நியூசிலாந்து. மத்த பல ரேலிகள்ல வண்டியைப் பத்திரமா கொண்டுவந்து சேர்த்து, புள்ளிகளைப் பொறுக்கிக்கிட்டே வந்தார். கடைசியில காலின் மெக்ரேயை விட ரெண்டே புள்ளி அதிகம், 44க்கு 42. அது நடந்தது நவம்பர் 25. 2003 நவம்பர்ல, அடுத்த ரேலிக்குக் கார் ஓட்டிக்கிட்டுப் போகும்போதே நினைவு தப்பினார். மூளையில கட்டி. இந்த கேம் வெளிவந்தப்போ அவர் சிகிச்சையில இருந்தார். 2005, அதே நவம்பர் 25ஆம் தேதி போயிட்டார். 34 வயசு.

நிற்க.

எங்க வீட்டுப் பிரச்சினைக்கு வருவோம். என் அக்கா பையனுக்கு 18 முடிஞ்சு லைசென்ஸ் வந்தாச்சு. (பேரு வேண்டாம், படிச்சா சண்டைக்கு வருவான். மாப்ளைன்னே வச்சுக்குவோம்.) ஆடி பதினெட்டுக்கு கொல்லிமலையில வல்வில் ஓரி விழா நடக்கும். அதுக்குக் கூட்டாளிங்க மூணு பேரைக் கூட்டிக்கிட்டு நம்ம மாருதி 800ல போயி, ஆகாய கங்கை அருவியில குளிச்சுட்டு வரணும்னு திட்டம். சாவி இருக்கிறது எங்க அப்பாகிட்ட. அப்பா அரசு பஸ்ல டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். அதுல பத்தொம்பது வருசம் கொல்லிமலை ரூட்டு. காரவள்ளியில ஆரம்பிச்சா எழுபது கொண்டை ஊசி வளைவு. அந்த எழுபதையும் கண்ணை மூடிக்கிட்டு சொல்லுவார், எதுல தண்ணி ஒழுகும், எதுல எதிர்ல வர்ற வண்டி தெரியாதுன்னு.

"சாவியா? அதெல்லாம் ஆகாது கண்ணு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டார்.

அவர் வேணாம்னதுக்குக் காரணம், மாப்ளை கேம் ஓட்டுறதைப் பின்னாடி நின்னு பார்த்தது. அவன் ஓட்டுறது முதல் வகை கேம். நூத்தி அம்பதுல வந்து, வளைவுல குறுக்க போட்டு, புகையோட வெளிய வந்தான். அப்பா ஒண்ணும் பேசாம போயிட்டார். ராத்திரி சாப்பிடும்போது எங்கிட்ட, "அவன் கை பழகுறது அங்கதான? கை எப்படிப் பழகுதோ அப்படித்தான் போகும்"ன்னார். வேற ஒண்ணும் சொல்லலை. ஆனா எனக்குத் தெரியும், சர்வீஸ்ல இருந்தப்போ ஒரு தடவை மலையில ஒரு கார் உருண்டு கிடந்து, கயிறு கட்டிக் கீழ இறங்கின ஆளுங்கள்ல அப்பாவும் ஒருத்தர். அதைப் பத்தி அவரா பேச மாட்டார், நாங்களும் கேக்க மாட்டோம்.

நாமதான் பொட்டி தட்டுற ஆளாச்சே. கேம்தான் பையன் கையைக் கெடுக்குதுன்னா, கேமை மாத்திடலாமேன்னு தோணுச்சு. ரேலி காரே வேண்டாம். எங்க வீட்டு மாருதியையே உள்ள போட்டுட்டா என்ன?

இந்த கேம்ல ஒரு வசதி, வண்டியோட விவரமெல்லாம் சாதா எழுத்து ஃபைலாத்தான் இருக்கு. நோட்பேட்ல திறந்து படிக்கலாம். லிஸ்ப் மொழி மாதிரி அடைப்புக்குறிக்குள்ள அடைப்புக்குறி, அதுக்குள்ள இன்னொரு அடைப்புக்குறி. வெங்காயம் உரிக்கிற மாதிரி, கண்ணுல தண்ணி வர்றதும் சேர்த்து. ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பு, ஷாக் அமுங்கும்போது எவ்வளவு எதிர்ப்பு, விரியும்போது எவ்வளவு, டயர்ல காத்து எவ்வளவு எல்லாம் எண்ணா இருக்கும். காத்து மட்டும் பாஸ்கல் கணக்கு. பங்க்ல போயி "முப்பது வைங்க"ன்னு சொல்றோம்ல, அது இங்க கிட்டத்தட்ட ரெண்டு லட்சத்து ஏழாயிரம். அப்பா நம்ம வண்டிக்கு எப்பவும் 25தான் வைப்பார். ஒரு லட்சத்து எழுபத்திரெண்டாயிரம். பங்க்ல இப்படிக் கேட்டுப் பாருங்க, அடி விழும்.

2004ல வந்த கணக்கு மண் ரோட்டுல பிரமாதம். தார் ரோட்டுல எனக்கு அவ்வளவா பிடிக்கலை, வண்டி நடுவுல ஆணி அடிச்சு சுத்தினாப்ல ஒரு உணர்வு. அதுக்கும் ஒரு வழி இருக்கு. 2010க்குப் பிறகு ஒரு ரசிகர், புனைபெயர்ல, டயர் கணக்கு, எஞ்சின் கணக்கு, டிஃபரன்ஷியல் கணக்கு எல்லாத்தையும் மறுபடி எழுதி வெளியிட்டார். மூல நிரல் கையில இல்லாமலே, ஓடிக்கிட்டிருக்கிற கேமுக்குள்ள புகுந்து மாத்தினது. பைசா வாங்கலை. அதைத்தான் அடிப்படையா எடுத்துக்கிட்டேன். இப்படி ஃபைலை நோண்டினா ஆன்லைன் போட்டியில சேர்த்துக்க மாட்டாங்க. நமக்குப் போட்டி தாத்தாவுக்கும் பேரனுக்கும்தானே, பரவாயில்லை.

கேம்லயே வந்த எட்டு கார்ல முன்சக்கரம் மட்டும் இழுக்கிறது ஒண்ணே ஒண்ணு, எம்.ஜி. இசட்.ஆர். மத்ததெல்லாம் நாலு சக்கரமும் இழுக்கிற அசுரனுங்க. மாருதியும் முன்சக்கர வண்டிதான். அதனால எம்.ஜி.யை எடுத்து, உள்ளுறுப்பை எல்லாம் உருவிட்டு, மாருதியோடதை வச்சுத் தைக்கிறதுன்னு முடிவு. வெளித்தோற்றத்தை மாத்த எனக்கு வரைகலை தெரியாது. அதான் தலைப்பு.

சில எண்கள் சுலபமா கிடைச்சுது. எங்க வண்டி 97 மாடல், நாலு கியர், கார்புரேட்டர். 796 சி.சி., மூணு சிலிண்டர், 37 குதிரைசக்தி. ரெண்டு அச்சுக்கும் நடுவுல 2175 மில்லிமீட்டர். டயர் 145/70, 12 இஞ்ச். கணக்குப் போட்டா சக்கரத்தோட நடுவுல இருந்து தரைக்கு 25 சென்டிமீட்டர் சொச்சம், ஒரு அடி ஸ்கேல் அளவு கூட இல்லை. உலக ரேலி கார்ல இருந்து இறங்கி இந்த எண்களை டைப் பண்ணும்போது பாவமா இருந்துச்சு.

மத்த எண்களுக்குத்தான் ஊர் சுத்த வேண்டியதாச்சு. முன்னாடி எவ்வளவு எடை, பின்னாடி எவ்வளவு எடைங்கிறது வண்டி போற விதத்துக்கு ரொம்ப முக்கியம். எங்க ஊரு நாமக்கல். லாரி ஊரு. தெருவுக்குத் தெரு எடை மேடை. அப்பாவே ஓட்டிக்கிட்டு வந்தார். முதல்ல முன்சக்கரம் மட்டும் மேடையில ஏத்தி நிறுத்தி, அப்புறம் பின்சக்கரம் மட்டும். எடை மேடைக்காரர் எங்களையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னங்க சார், கார்ல என்னங்க லோடு?"

"லோடு இல்லைங்க. காலி வண்டிதான்."

"காலி வண்டியவா எடை போடுறீங்க?"

"பேரனுக்காகங்க"ன்னார் அப்பா, ரொம்ப சீரியஸா. அவர் அதுக்கு மேல கேக்கலை. காசும் வாங்கலை. முன்னாடி 410 கிலோ, பின்னாடி 250. மேடை பத்துப் பத்து கிலோவாத்தான் காட்டும், அது போதும். நூத்துக்கு அறுபத்திரெண்டு பங்கு எடை முன்னால. பின்பக்கம் சும்மா வால் மாதிரி தொத்திக்கிட்டு வருது.

அடுத்தது ஸ்பிரிங். இதுக்கு அரிசி மூட்டை. 25 கிலோ சிப்பம் நாலு, பின்சீட்ல. ஏத்துறதுக்கு முன்னாடி பின்சக்கரத்துக்கும் மேல இருக்கிற மட்கார்டுக்கும் இடைவெளியை டேப்பால அளந்தேன், ஏத்தினப்புறம் மறுபடி அளந்தேன். மூணு சென்டிமீட்டர் இறங்குச்சு. நூறு கிலோன்னா 980 நியூட்டன். மூணு சென்டிமீட்டரால வகுத்து, ரெண்டு ஸ்பிரிங்குக்குப் பங்கு போட்டு, சீட்டு அச்சுக்கு முன்னாடி இருக்கிறதால முன்பக்கம் போற பங்கைக் கொஞ்சம் கழிச்சா, ஒரு ஸ்பிரிங்குக்கு மீட்டருக்கு 15 ஆயிரம் நியூட்டன் கிட்ட வருது. ஒத்துக்கக்கூடிய எண். அக்காதான் வாசல்ல நின்னு, "ஏன்டா தம்பி, அரிசிய காத்தாட கூட்டிட்டுப் போறீங்களா?"ன்னு கேட்டுச்சு.

உண்மையான கஷ்டம் டயர். கேம்ல இருக்கிறது ரேலி டயர். நம்மளது பாதி தேய்ஞ்ச ரோட்டு டயர். எவ்வளவு பிடிப்புன்னு எந்தப் புத்தகத்துலயும் போட்டிருக்காது. ஞாயித்துக்கிழமை காலை ஆறு மணி, பைபாஸ் பக்கத்துல ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு துண்டு ரோடு. அப்பா ஸ்டியரிங்ல, நான் ஓரமா சுண்ணாம்புக் கோட்டுப் பக்கம். 50 கிலோமீட்டர் வேகத்துல வந்து கோட்டுக்கு நேரா பிரேக். ஏ.பி.எஸ். எல்லாம் கிடையாது, இருந்தும் சக்கரம் ஒரு தடவை கூட பூட்டிக்கலை. எழுபத்து மூணு வயசு காலு. மூணு தடவை அடிச்சார், மூணும் பதிமூணு மீட்டரை ஒட்டியே வந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு மழை பெஞ்ச மறுநாள் அதே இடத்துல பதினெட்டு. இந்த ரெண்டு எண்ணையும் வச்சுக்கிட்டு, கேம்ல அதே வேகத்துல அதே பிரேக் அடிச்சு, அதே தூரத்துல நிக்கிற வரைக்கும் டயர் பிடிப்பைக் குறைச்சுக்கிட்டே வந்தேன். ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஒரு கற்பனைக் காரை ஒரு கற்பனை ரோட்டுல நிறுத்தி நிறுத்திப் பார்த்த அனுபவம் இருக்கே... சரி விடுங்க.

இப்போ இந்த 'நிஜம்'ங்கிறதைப் பத்திக் கொஞ்சம் புலம்பிக்கிறேன். நிறையப் பேரு நினைக்கிறது, நிஜமான கேம்னா கஷ்டமான கேம்னு. எனக்கு அப்படித் தோணலை. பிடிப்பைப் பாதியாக்கிட்டா யாரு வேணா கஷ்டமாக்கலாம். நிஜம்ங்கிறது, வண்டி கையை விட்டுப் போறதுக்கு முன்னாடி நமக்குச் சொல்லுதா இல்லையாங்கிறதுதான்.

ஒரு டயருக்கு மாசச் சம்பளம் மாதிரி ஒரு அளவு பிடிப்புதான் இருக்கு. அதுலதான் பிரேக்குக்கும் செலவு பண்ணணும், திரும்புறதுக்கும் செலவு பண்ணணும். முழுச் சம்பளத்தையும் பிரேக்ல கொட்டிட்டு ஸ்டியரிங்கை ஒடிச்சா, திரும்புறதுக்குக் காசு இல்லை. வண்டி நேரா போகும். அப்புறம் டயர் திரும்பணும்னா, அது பார்க்கிற திசைக்கும் வண்டி போற திசைக்கும் நடுவுல கொஞ்சம் கோணம் வேணும். கோணம் கூடக் கூடப் பிடிப்பு கூடும், ஒரு உச்சம் வரும், அதுக்கப்புறம் இறங்கும். தார் ரோட்டுல சாதா டயருக்கு அந்த உச்சம் பத்து டிகிரிக்குள்ளயே வந்துடும். மண் ரோட்டுல அது தள்ளி வரும், வந்த பிறகும் சட்டுன்னு விழாது. ரேலிக்காரங்க மண்ணுல வண்டியைக் குறுக்க போட்டு ஓட்டுறது அதனாலதான், ஸ்டைலுக்கு இல்லை. மாப்ளை அதைப் பார்த்துட்டு, குறுக்க போனா வேகம்னு தார் ரோட்டுக்கும் சேர்த்து முடிவு பண்ணிட்டான்.

அந்த உச்சம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு விஷயம் நடக்கும். ஸ்டியரிங் லேசாகும். டயர் தன்னைத்தானே நேராக்கப் பார்க்கிற விசைதான் நம்ம கையில எடையா தெரியறது. பிடிப்பு உச்சத்தைத் தொடுறதுக்கு முன்னாடியே அந்த விசை குறைய ஆரம்பிச்சுடும். அதாவது வண்டி முன்கூட்டியே தந்தி அடிக்குது. எங்கிட்ட இருக்கிறது செகண்ட் ஹேண்ட் லாஜிடெக் ஜி27 ஸ்டியரிங், 900 டிகிரி, ரெண்டரை சுத்து. உள்ள மோட்டார் இருக்கு, அந்த விசையைக் கைக்குக் கொண்டுவரும். முதல் வகை கேம் இதே ஸ்டியரிங்ல சும்மா டுர்ருன்னு அதிரும். மொபைல் சைலண்ட்ல அடிக்கிற மாதிரி. ஒரு சேதியும் இருக்காது.

அப்பாவை உக்கார வச்சேன். கால் எட்டலை, நாற்காலியை மாத்தி, பெடலுக்குப் பின்னாடி செங்கல் வச்சு முட்டுக் கொடுத்தேன். பாதை, பிரான்ஸ்ல ஜூ ப்ளான். அது நிஜமாவே ஆல்ப்ஸ்ல இருக்கிற கணவாய், சைக்கிள் பந்தயக்காரங்களுக்கு நல்லா தெரியும். தார் ரோடு, கொண்டை ஊசி வளைவு, ஒரு பக்கம் சரிவு. எங்க ஊருக்கு இதுதான் கிட்ட வருது. அப்பா முப்பதுக்கு மேல போகவே இல்லை. ராபர்ட் ரீட் அவசர அவசரமா குறிப்பு வாசிக்கிறார், இவர் என்னமோ செம்மேடுல டீ குடிக்க நிறுத்தப் போறவர் மாதிரி போறார். அஞ்சாவது வளைவுல சொன்னார்: "முன்னாடி நல்லாருக்கு. பின்னாடி உக்கார மாட்டேங்குது. நம்ம வண்டி பள்ளத்துல இறங்கினா ஒரு தடவை ஆடிட்டு நிக்கும், இது ரெண்டு தடவை ஆடுது."

ஷாக் விரியும்போது இருக்கிற எதிர்ப்பைக் கூட்டினேன். மறுபடி ஓட்டினார். "இப்ப கட்டையாட்டம் இருக்கு." பாதி குறைச்சேன். "ம்." அந்த ம்-முக்கு நாலு சாயங்காலம் ஆச்சு. எந்த அளவுகோலும் இல்லாம, முதுகுல உணர வேண்டியதை கண்ணால பார்த்தே சொன்னார். நாற்காலி அசையாதுங்களே. எங்கிட்ட இருந்த எல்லாக் கருவியையும் விட அவர் துல்லியம்.

ஒரு வளைவுல வேணும்னே வேகமா விட்டுப் பார்த்தார். கை லேசாச்சு. உடனே காலை எடுத்தார், வண்டி முனகிக்கிட்டே திரும்பிடுச்சு. திரும்பி என்னைப் பார்த்து, "இதத்தான்டா சொல்றேன் இத்தன வருசமா. கை லேசானா வண்டி நம்மகிட்ட இல்ல"ன்னார். பீட்டுலைனென் கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பார்.

அப்புறம் மாப்ளை. பார்த்தவுடனே, "என்ன மாமா இது, 37 குதிரையா? குதிரை படுத்துக்கிச்சா?"ன்னு நக்கல். வழக்கம்போல அமுக்கினான். இறக்கத்துல மூணாவது கியர்ல 80ஐத் தாண்டி வந்து, கொண்டை ஊசியில முழு பிரேக் அடிச்சு முழுசா ஒடிச்சான். நேரா போயி பிரான்ஸ் நாட்டு மரம். மறுபடி. மறுபடி மரம். பட்டன் எங்க மாமா, வண்டிய குறுக்க போடுற பட்டன்? இல்லைடா. அப்ப இது வேலைக்காவாது மாமான்னு எழுந்து போயிட்டான். ரெண்டு நாள் அந்தப் பக்கமே வரலை.

மூணாம் நாள் ராத்திரி சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தா, தனியா உக்காந்து ஓட்டிக்கிட்டிருக்கான். கேம்ல ரேலி பள்ளின்னு ஒரு பகுதி இருக்கு. பிரேக் எப்ப, எடை எப்படி முன்னாடி வரும், எப்ப காலை எடுக்கணும்னு ஒவ்வொண்ணா பாடம். நான் அவனை அதுல விடவே இல்லை, அவனா போயி படிச்சிருக்கான். நான் ஒண்ணும் கேக்காம வந்து படுத்துட்டேன்.

அடுத்த வாரம் இன்னொரு ஃபைல் பண்ணினேன். அதே மாருதி, கூட நாலு பேரு. 240 கிலோ, பெரும்பாலும் பின்னாடி. 660 கிலோ வண்டி 900 ஆயிடுச்சு. எடை கூடினா டயர் பிடிப்பும் கூடும், ஆனா அதே அளவுக்குக் கூடாது, ரெண்டு மடங்கு பாரத்துக்கு ரெண்டு மடங்கு பிடிப்பு கிடைக்காது. மேட்டுல வண்டி ஏறவே ஏறாது, இறக்கத்துல நிக்கவே நிக்காது. மாப்ளை இதை ஓட்டினப்போ அப்பாவும் பின்னாடி நின்னார். முதல் வளைவுல தப்பிச்சான், ரெண்டாவதுல பின்பக்கம் கிளம்பி, சரிவுல உருண்டுச்சு. கண்ணாடியில விரிசல், எஞ்சின் நின்னு போச்சு, ஒரே நிசப்தம். கேம்ல அந்த நிசப்தம் கொஞ்சம் கொடூரமாவே இருக்கும். மூணு பேருமே கொஞ்ச நேரம் பேசலை. அப்பா மெதுவா அவன் தோள்ல கை வச்சு, "எந்த கியர்ல ஏறுனியோ, அதே கியர்லதான் இறங்கணும் கண்ணு. பிரேக்கு நேரா இருக்கும்போதே முடிஞ்சிறணும். வளைவுக்குள்ள பிரேக் இல்ல"ன்னார்.

அன்னிக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் ரெண்டு பேரும் ஓட்டினாங்க. பேரன் ரெண்டாவது கியர்ல, இருபத்தஞ்சுல. தாத்தா ராபர்ட் ரீட் வேலையைப் பறிச்சுக்கிட்டு, "இப்ப காலை எடு... ம்... இப்ப ஒடி... விடு விடு, அதுவா வரும்"னு. உலக ரேலி கேம் வரலாற்றுலயே இவ்வளவு மெதுவா யாரும் ஜூ ப்ளான் இறங்கியிருக்க மாட்டாங்க.

கேம்ல கத்துக்க முடியாதது நிறைய இருக்கு, அதையும் சொல்லணும். இதுல எதிர்ல பஸ் வராது. வளைவுக்கு அந்தப் பக்கம் மாடு படுத்திருக்காது. பிரேக் சூடாகி அந்த வாசனை வராது. பின்சீட்ல உக்காந்து "வேகமா போடா"ன்னு கத்துற கூட்டாளி கிடையாது. முக்கியமா, பயம் கிடையாது, உருண்டா ஒரு பட்டன் அமுக்கினா புது வண்டி. இதெல்லாம் எந்த ஃபைல்ல எந்த அடைப்புக்குறிக்குள்ள போடுறதுன்னு எனக்குத் தெரியலை. அதனால கேம் ஓட்டினா போதும், டிரைவராயிடலாம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. கெட்ட பழக்கத்தை எடுத்துவிடும், அவ்வளவு வரைக்கும் நான் ஒத்துக்கிறேன்.

சாவி என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. ஆடி பதினெட்டு அன்னிக்குக் காலையில அப்பா வேட்டிய மாத்தி, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வெளிய வந்தார். சாவியை மாப்ளை கையில கொடுத்தார். அவன் முகத்துல பல்பு எரிஞ்சுது. அடுத்த நிமிசம் அப்பா முன்பக்கக் கதவைத் திறந்து உள்ள உக்காந்துக்கிட்டார்.

"தாத்தா... நீங்களுமா?"

"அறப்பளீஸ்வரரப் பாத்து ரொம்ப நாளாச்சு. எடு வண்டிய."

கூட்டாளிங்க மூணு பேரும் பின்சீட்ல அரிசி மூட்டை மாதிரி நெருக்கிக்கிட்டு உக்காந்தாங்க. நான் கணக்கு பண்ணின 900 கிலோவுக்கு மேலயே போயிருக்கும், ஃபைலைத் திருத்தணும். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வந்தாங்க. எப்படி இருந்துச்சுன்னு அப்பாகிட்ட கேட்டேன். "அருவியில தண்ணி நல்லா வருது"ன்னார். மாப்ளைகிட்ட கேட்டேன். எழுபது வளைவு ஏறி எழுபது வளைவு இறங்கினதுல தாத்தா வாயே திறக்கலையாம், ஒரே ஒரு தடவை தவிர. ஏறும்போது ஏதோ ஒரு வளைவுல ஹாரன் அடிக்க மறந்திருக்கான். "ஹாரன்"ன்னு மட்டும் சொன்னாராம்.

ரெண்டு நாள் கழிச்சு அப்பா கம்ப்யூட்டர் முன்னாடி நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தார். ஸ்டியரிங்கை மேலயும் கீழயும் தடவிப் பார்த்தார்.

"ஏப்பா, இதுல ஹாரன் எங்க?"

"இதுல ஹாரன் இல்லைங்கப்பா. ரோட்டை அடைச்சுட்டுத்தான் ஓட்டுவாங்க, எதிர்ல யாரும் வர மாட்டாங்க."

"வளைவு இருக்குதில்ல?"

"இருக்கு."

"அப்ப ஹாரன் வேணும்."

நேத்து சாயங்காலம் போர்டிகோவுல நின்னு மொபைல்ல மாருதி ஹாரனை ரெக்கார்ட் பண்ணினேன். பக்கத்து வீட்டம்மா ரெண்டு தடவை எட்டிப் பார்த்துட்டுப் போனாங்க. ஸ்டியரிங்ல சும்மா கிடக்கிற ஒரு பட்டனுக்கு அந்தச் சத்தத்தைக் கட்டிவிட ஒரு சின்ன நிரல் எழுதிக்கிட்டிருக்கேன். சத்தம் வருது, ஆனா அரை நொடி லேட்டா வருது. அப்பா ஒத்துக்க மாட்டேங்கிறார்.